மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்: கணித மன்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் கணித மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்த நாள் நெருங்கினால், மன்ற விழாக்களில் சில கதைகள் தவறாமல் மேடையேறும். 1729 எண் கொண்ட வாடகைக் கார் முதலில் வரும். ஒன்று முதல் நூறு வரை நொடியில் கூட்டிய சிறுவன் காவுஸ் அடுத்து வருவான். மூன்றாவதாக, வாயே திறக்காமல் உரை நிகழ்த்திய அமெரிக்கப் பேராசிரியர். இந்த மடல் அந்த மூன்றாவது கதையைப் பற்றியது. கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்க வரவில்லை. நீங்கள் அதை முடிக்கிற இடத்தில்தான் அது தொடங்குகிறது என்பது என் வழக்கு.

கதை உங்களுக்குத் தெரியும். 1903 அக்டோபர் 31, நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போகிறார். இரண்டை 67 முறை பெருக்கி, ஒன்றைக் கழிக்கிறார். 147573952589676412927 என்று வருகிறது. பலகையின் மறுபக்கத்துக்கு நகர்ந்து 193707721, 761838257287 ஆகிய இரண்டு எண்களை எழுதிப் பெருக்குகிறார். அதே விடை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருக்கைக்குத் திரும்புகிறார். அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

இங்கே நம் மேடைகளில் பேச்சு திசை திரும்பும். பொறுமை, விடாமுயற்சி, தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற நினைவூட்டல், நன்றியுரை, தேநீர். 21 இலக்க எண் ஒன்று பலகையில் தனியாக நிற்கும். அதை ஏன் உடைக்க வேண்டியிருந்தது, எப்படி உடைந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்காது. கேட்க இடம் வைத்தால்தானே?

முதலில் கதையின் பிறப்பிடத்தைப் பார்த்துவிடுவோம். இதை நமக்குச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். 1951இல் வந்த தம் நூலில் எழுதினார். கொலம்பியாவிலேயே முனைவர் பட்டம் பெற்றவர், கோலை நேரில் அறிந்தவர். ஆனால் 1903இல் அவர் கலிபோர்னியாவில் மாணவர். கதைக்கு மெருகேற்றுவதில் பெல் கைதேர்ந்தவர் என்பது கணித வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம். மௌனம் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். கோல் ஊமையாக இருந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி. அதே ஆண்டு டிசம்பரில் கழகத்தின் இதழில், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி நான்கு பக்கக் கட்டுரையில் தம் வழியைத் தெளிவாக எழுதிவைத்தார். கட்டுரை தொடங்கும் பக்கம் 134. தற்செயல்தான், ஆனால் 134க்கு இந்த எண்ணோடு உள்ள உறவைக் கீழே பார்க்கப்போகிறீர்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். இரும முறையில் எழுதினால் இது அடுத்தடுத்து 67 ஒன்றுகள், வேறொன்றும் இல்லை. இந்த வடிவில் உள்ள எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். பாரீசில் வாழ்ந்த துறவி மாரன் மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுக்கு 257 வரை எடுத்துக்கொண்டால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்பது அவர் கூற்று. நிரூபணம் தரவில்லை. அவர் காலத்தில் தந்திருக்கவும் முடியாது. பட்டியலில் ஐந்து பிழைகள்: 67, 257 இரண்டும் இருக்கக் கூடாதவை, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 61ஐத்தான் 67 என்று தவறாக எழுதினாரோ என்று ஊகித்தவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த 67 பட்டியலில் உட்கார்ந்திருந்தது. அதை யாரும் எழுப்பவில்லை.

எழுப்பியவர் கோல் அல்ல. 1876இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்காஸ், இந்த எண் பகா எண் இல்லை என்று காட்டிவிட்டார். ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை! மன்றத்தில் நீங்கள் நின்று நிதானிக்க வேண்டிய முதல் இடம் இது. "இந்த எண் உடையும், எங்கே உடையும் என்று தெரியாது" என்று ஒரு கணித நிரூபணம் சொல்ல முடியுமா? காரணிச் செடி வரைந்தே பழகிய பிள்ளைகளுக்கு, பகு எண் என்றால் காரணி காட்டப்பட்ட எண் என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது.

லூக்காசின் வழி பின்னால் டெரிக் ஹென்றி லெமரின் கையில் எளிமையானது. அந்த வடிவத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்து பார்க்கலாம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வர்க்கம், 2 கழித்தல், மீதி. அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அடுக்கு 7 என்றால் எண் 127. சங்கிலி 4, 14, 67, 42, 111, 0 என்று ஓடும். ஐந்தாம் அடியில் பூச்சியம். 127 பகா எண். அடுக்கு 11 என்றால் 2047. சங்கிலி 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போய் ஒன்பதாம் அடியில் நிற்கும். பூச்சியம் இல்லை. 2047 உடையும் என்று தெரிந்துவிட்டது. 23 × 89 என்ற செய்தி அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. 67ஆம் அடுக்குக்கு இதே சங்கிலியில் 65 அடிகள். ஒவ்வொன்றிலும் 21 இலக்கம் வரையுள்ள எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். கடினம்தான், ஆனால் மனிதரால் ஆகக்கூடியது.

ஆக, கோல் தேடத் தொடங்கியபோது காரணி இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கேதான் நம் மேடைப்பேச்சு பொறுமையைக் கொண்டுவருகிறது. பொறுமையால் ஆகுமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

q என்ற பகா எண் இந்த எண்ணை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2⁶⁷ஐ qவால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் (q−1)ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். மீதி 1 தருகிற மிகச் சிறிய அடுக்கு, 67, q−1 இரண்டையும் மீதியின்றி வகுக்க வேண்டும். 67 பகா எண் என்பதால் அந்தச் சிறிய அடுக்கு 67ஏதான். எனவே q−1 என்பது 67இன் மடங்கு. q ஒற்றை எண் ஆதலால் 134இன் மடங்கு. காரணி எதுவானாலும் அது 134இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அதோடு, அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்றும் காட்டலாம்.

இதன் வலிமையை வகுப்பில் காட்ட 2³⁷ − 1ஐ எடுங்கள்: 137438953471. பன்னிரண்டு இலக்கம். காரணிகள் 74இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள். முதலில் வருவது 75. பகா எண் அல்ல. அடுத்து 149, 8ஆல் வகுத்தால் மீதி 5, ஆகாது. அடுத்து 223, மீதி 7, தகுதியுண்டு. சோதியுங்கள். 223ஆல் வகுக்கும்போது 2⁸க்கு மீதி 33, 2¹⁶க்கு −26, 2³²க்கு 7, ஏழை 2⁵ஆல், அதாவது 32ஆல், பெருக்கினால் 224, மீதி 1. பன்னிரண்டு இலக்க எண் நான்கு வரியில் உடைந்தது. 1640இல் ஃபெர்மா இதைத்தான் செய்தார். அந்த நீள எண்ணைக் கையால் தொடக்கூட வேண்டியதில்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

67க்கு அதிர்ஷ்டம் இவ்வளவு அருகில் இல்லை. சிறிய காரணியான 193707721, 134இன் 14,45,580ஆவது மடங்கில் இருக்கிறது. 8இன் நிபந்தனை அதில் பாதியைத் தள்ளும். 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளையும் தள்ளினால் ஏறத்தாழ 3,30,000 எண்கள் மிஞ்சும். மூன்று ஆண்டில் 156 ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு ஞாயிற்றுக்கு 2,100க்கு மேற்பட்ட சோதனைகள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாமல் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு மூன்றரை. ஒவ்வொன்றும் ஒன்பது இலக்கம் வரையுள்ள எண்ணால் வகுக்கும் வேலை. எந்த மனிதரின் கையும் அப்படி ஓடாது. வெறும் பொறுமை என்ற விளக்கம் இங்கேயே விழுந்துவிடுகிறது. கோலிடம் வேறொரு கருவி இருந்தது.

அந்தக் கருவி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: a² − b² = (a + b)(a − b). ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே வந்துவிழும். இதுவும் ஃபெர்மாவின் வழிதான்.

கோலிடம் நேரே போகாமல் ஒரு சிறிய எண்ணில் இதைப் பழகுவோம். 1874இல் ஆங்கிலேய அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் தம் நூல் ஒன்றில் 8616460799 என்ற எண்ணைத் தந்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பதைத் தம்மைத் தவிர வேறு யாரும் அறியப்போவதில்லை என்ற பொருள்பட எழுதினார். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்பதற்கு அவர் தந்த சான்று அது. கருத்து சரி. தேர்ந்தெடுத்த எண்தான் அவரைக் கைவிட்டது.

இதன் வர்க்கமூலம் 92824ஐத் தாண்டி, 92825ஐ எட்டாமல் நிற்கிறது. ஆகவே 92825இலிருந்து ஒவ்வோர் எண்ணாக வர்க்கப்படுத்தி, ஜெவன்ஸ் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். இப்படியே போனால் 56ஆவது முயற்சியில் விடை. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றோ இரண்டோ பிரித்துக் கொடுத்தால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். ஆனால் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

அந்த எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7. வர்க்கங்களை 8ஆல் வகுத்தால் 0, 1, 4 மட்டுமே மீதியாக வரும். இவற்றில் இரண்டின் வித்தியாசம் 7 ஆக வேண்டுமானால் பெரிய வர்க்கத்தின் மீதி 0 ஆக இருந்தே தீர வேண்டும். அதாவது நாம் தேடும் எண் 4இன் மடங்கு. 56 முயற்சிகள் 14 ஆகிவிட்டன. 3ஆல் வகுத்தால் மீதி 2. வர்க்கங்களுக்கு 3இல் மீதி 0 அல்லது 1தான் என்பதால், நாம் தேடும் எண் 3இன் மடங்கும்கூட. இனி 12இன் மடங்குகள் போதும்: 92832, 92844, 92856, 92868, 92880. ஐந்துதான். 5ஆல் வகுத்தால் மீதி 4. அந்த நிபந்தனை 92844, 92856 இரண்டையும் தள்ளிவிடும். மூன்று மிச்சம். முதல் இரண்டில் கிடைக்கும் 1319425, 8004625 முழு வர்க்கங்கள் அல்ல. மூன்றாவது 92880. அதன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 10233601, அது 3199இன் வர்க்கம். கூட்டினால் 96079, கழித்தால் 89681. ஜெவன்ஸின் இரகசியம் மூன்று கழித்தல்களில் வெளிவந்துவிட்டது.

கோல் செய்தது இதைத்தான், பெரிய அளவில். காரணிகள் இரண்டின் கூட்டுத்தொகையில் பாதியை x என்போம். 2⁶⁷ − 1இன் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. கண்மூடித்தனமாக அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறினால், xஐத் தொட ஏறத்தாழ 36,887 கோடி படிகள். இதைவிடச் சாதாரண வகுத்தலே மேல். ஆனால் சலிக்கத் தெரிந்தவருக்கு நிலைமை வேறு.

காரணிகளை a, b என்று வைத்தால் இரண்டுமே 67ஆல் வகுக்க மீதி 1 தருபவை. ஆகவே (a − 1)(b − 1) என்பது 67 × 67 = 4489ஆல் வகுபடும். விரித்தால் ab − (a + b) + 1. ab நமக்குத் தெரியும். 2⁶⁷ − 1. எனவே 2⁶⁷இலிருந்து a + bஐக் கழித்தால் 4489ஆல் வகுபடும். பாதியாக்கினால், xஉம் 2⁶⁶உம் 4489ஆல் வகுக்க ஒரே மீதி தர வேண்டும். அந்த மீதி 671. காரணியைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடுகிறது! இந்த ஒரு பத்தியைப் பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும் அன்று பலகையில் எழுதிப் பாருங்கள். பாடநூலில் கடிகாரத்தையும் கிழமையையும் வைத்தே விளக்கிச் சலித்துப்போன பகுதிக்கு உயிர் வரும்.

அடுத்து 8. ஜெவன்ஸ் எண்ணில் செய்த அதே வகை யோசனையில், x எட்டின் மடங்கு என்று வருகிறது. 3, 5, 7, 13 ஆகியவற்றில் காரணிகள் என்ன மீதி தரலாம் என்பதை வர்க்க மீதிகளின் கோட்பாட்டைக் கொண்டு கோல் சுருக்கினார். இதில்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 4489, 8, 81 (அதாவது 3⁴), 5, 7, 13 எல்லாவற்றையும் பெருக்கினால் 1323536760. முடிவில் x இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வந்தது: 1323536760 × n + 1160932384. n தொடங்குவது 9இலிருந்து. விடை கிடைப்பது 287இல். நடுவில் இருப்பவை எல்லாம் சேர்த்து 279 எண்கள். 36,887 கோடி எங்கே, 279 எங்கே!

n = 287 என்று போட்டால் x = 381015982504. பள்ளிப் பிள்ளையும் சரிபார்க்கலாம். கரும்பலகையில் எழுதப்பட்ட இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அதே எண்.

கோல் பொறுமைசாலி இல்லை என்று நான் சொல்லவில்லை. 1896 முதல் 1920 வரை அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக இருந்தவருக்குப் பொறுமை இல்லாமல் எப்படி? அவர் பெயரால் அந்தக் கழகம் இன்றும் பரிசு தருகிறது. எண்கோட்பாட்டுக்கான பரிசை 2008இல் பெற்றவர் மஞ்சுள் பார்கவா. ஆனால் பொறுமையை மட்டும் எடுத்துச் சொல்லும்போது, கணக்கு என்றால் நெடுநேரம் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்வது என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. கோல் செய்தது நேர்மாறு. செய்ய வேண்டாத வேலை எது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் உழைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லூக்காசுக்கும் கோலுக்கும் நடுவில் இருந்த 27 ஆண்டு இடைவெளி, அதாவது உடையும் என்று அறிவதற்கும் உடைப்பதற்கும் உள்ள தூரம், இன்னும் மூடப்படவில்லை. எந்த எண்ணும் பகா எண்ணா என்று விரைவாக, ஐயமின்றிச் சொல்லும் வழியை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தவர்கள். காரணி காண அப்படிப்பட்ட விரைவான வழி எதையும் இன்றுள்ள கணினிகளுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையாக்க முறை நிற்பது அந்த இடைவெளியின்மேல்தான். ஜெவன்ஸ் சொல்ல வந்தது சரி என்று மேலே எழுதியது இதனால்தான். அவர் பத்து இலக்கத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

விழா மேடைக்கு ஒரு நடைமுறைக் குறிப்போடு முடிக்கிறேன். பெருக்கலைக் கைப்பேசியில் காட்ட முயலாதீர்கள். பல கைப்பேசிக் கணிப்பான்கள் இதைச் சுருக்கி அடுக்கு வடிவில் காட்டும். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி ஆறு இடத்தில் பூச்சியம் போட்டுவிடும். 147573952589676க்குப் பிறகு வரவேண்டிய 412927ஐ அது தின்றுவிடும். கணினி ஆய்வகம் இருந்தால் பைத்தான் சரியாகச் சொல்லும். ஆனால் கையால் போடுவதே மேல், அது பயப்படுகிற அளவுக்கு நீளமும் இல்லை. பெரிய காரணியை மேலேயும் 193707721ஐக் கீழேயும் எழுதுங்கள். கீழே உள்ள இலக்கங்களில் 7 மூன்று முறை வருகிறது, 1 இரண்டு முறை, ஒன்று பூச்சியம். ஆக உண்மையில் பெருக்க வேண்டியது 2, 3, 7, 9 ஆகிய நான்கால் மட்டும். நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வரி கொடுங்கள். ஐந்தாவது பிள்ளை வரிகளை இடம் தள்ளி எழுதிக் கூட்டட்டும். கூட்டலில் இடறினால் எண்களின் இலக்கங்களைக் கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 64, பிறகு 10, பிறகு 1. கீழ் எண் 37, 10, 1. விடைக்கு 109, 10, 1 வர வேண்டும்.

இப்படிக்கு,
கணித மன்றத்தின் பழைய மாணவன்